கணினிப் பிணையப் பழுதறிதலின் வரலாறு

கணினிப் பிணையத்திலோ மென்பொருளிலோ கோளாறு ஏற்படும்போது, அது எங்கே, எதனால் ஏற்பட்டது என்று தேடிக் கண்டறியும் பணி பழுதறிதல் எனப்படும். அலுவலகங்களில் தொழில்நுட்ப உதவிப் பிரிவில் பணிபுரிவோருக்கு இதுவே அன்றாட வேலை. 'நெட் வரவில்லை' என்ற ஒற்றை வரிப் புகாருக்குக் கழன்று கிடக்கும் ஒரு கம்பி காரணமாக இருக்கலாம். கடலுக்கடியில் அறுந்துபோன ஒரு வடமும் காரணமாக இருக்கலாம். புகார் சொல்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

இப்பணியில் மூன்று இடர்கள் மீண்டும் மீண்டும் வருகின்றன. பழுது இருக்கும் இடம் ஒன்று, அது வெளிப்படும் இடம் வேறொன்று என்பது முதலாவது. தேடத் தொடங்கியதும் பழுது மறைந்து விடுவது இரண்டாவது. சரிசெய்யத் தேவைப்படும் பிணையமே பழுதாகிக் கிடப்பது மூன்றாவது. இன்று புழக்கத்தில் உள்ள பழுதறி கருவிகளில் பல, இந்த இடர்களில் சிக்கித் தவித்தவர்கள் தங்கள் தேவைக்காக உருவாக்கியவை.

முதல் செய்தியும் முதல் பழுதும்

இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் பிணையத்தில் இரு கணினிகளுக்கிடையே முதல் செய்தி 1969 அக்டோபர் 29 அன்று இரவு அனுப்பப்பட்டது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலிருந்து சார்லி கிளைன் என்ற மாணவர், மென்லோ பார்க்கிலிருந்த ஸ்டான்போர்டு ஆய்வு நிறுவனக் கணினிக்குள் நுழைய 'லாகின்' என்ற சொல்லைத் தட்டச்சு செய்யத் தொடங்கினார். மறுமுனையில் பில் டுவால் இருந்தார். எழுத்துகள் போய்ச் சேர்கின்றனவா என்பதை இருவரும் தொலைபேசியில் பேசிச் சரிபார்த்துக்கொண்டனர். 'எல்', 'ஓ' ஆகிய இரண்டு எழுத்துகள் சேர்ந்தன. அடுத்த எழுத்தில் மறுமுனைக் கணினி முடங்கியது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் கோளாறு நீக்கப்பட்டு இணைப்பு வெற்றி பெற்றது.

தொலைபேசியின் இரு முனைகளிலும் இருவர் அமர்ந்து, ஒருவர் செய்வதை மற்றவர் பார்த்துச் சொல்லும் இம்முறை இன்றும் உதவி மையங்களில் தொடர்கிறது. ஆனால் அன்று இரு முனைகளிலும் இருந்தவர்கள் நிபுணர்கள். பிற்காலத்தில் ஒரு முனையில் பொதுப் பயனர் அமர்ந்தபோது, அவர் கண்முன் காண்பதைச் சொற்களாக்கி வாங்குவதே ஒரு தனித் திறமையாயிற்று.

தொலைவிலிருந்து கண்காணித்தல்

ஆர்ப்பாநெட்டின் கணுக்களாக விளங்கிய 'இம்ப்' எனும் சிறு கணினிகளை மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த பிபிஎன் நிறுவனம் வடிவமைத்தது. அந்நிறுவனம் 1970களின் தொடக்கத்தில் ஒரு பிணையக் கட்டுப்பாட்டு மையத்தை நடத்தியது. ஒவ்வொரு இம்பும் தன் நிலையையும் தன்னோடு இணைந்த தடங்களின் நிலையையும் குறிப்பிட்ட இடைவெளியில் மையத்துக்கு அறிவித்தது. இதனால் நாட்டின் மறுகோடியில் ஒரு தொலைபேசித் தடம் பழுதானாலும் கேம்பிரிட்ஜில் தெரிந்துவிடும். தடத்தின் உரிமையாளரான தொலைபேசி நிறுவனத்துக்கே அது தெரியாத நிலையில், மையத்திலிருந்து போகும் அழைப்பை அந்நிறுவன ஊழியர்கள் முதலில் நம்பத் தயங்கினர்.

1980: மறுதொடக்கம் பயன் தராத நாள்

1980 அக்டோபர் 27 அன்று ஆர்ப்பாநெட் பல மணி நேரம் பயன்படுத்த முடியாத நிலைக்குப் போனது. இதன் காரணத்தை எரிக் ரோசன் 1981ஆம் ஆண்டில் வெளியான ஆர்எஃப்சி 789 என்ற ஆவணத்தில் விளக்கினார்.

ஒவ்வொரு கணுவும் தன் நிலை அறிக்கைக்கு 0 முதல் 63 வரையிலான ஒரு வரிசை எண் இடும்; 63க்குப் பின் மீண்டும் 0 வரும். இரண்டு அறிக்கைகளில் புதியது எது என்பதை மற்றக் கணுக்கள் இந்த எண்ணைக் கொண்டு தீர்மானித்து, புதியதை அண்டைக் கணுக்களுக்கு அனுப்பும். அன்று வன்பொருள் கோளாறு ஒன்றினால் எண்ணின் சில பிட்டுகள் விடுபட, ஒரே கணுவின் பெயரில் 44, 40, 8 என்ற மூன்று எண்கள் கொண்ட அறிக்கைகள் உலவின. வட்டமாகச் சுழலும் எண்வரிசையில் 40ஐ விட 44 புதியது, 8ஐ விட 40 புதியது, 44ஐ விட 8 புதியது என்றாகிவிட்டது. எனவே மூன்றும் ஓயாமல் சுற்றி வந்தன. கணுக்கள் வேறு வேலை பார்க்க முடியவில்லை.

'அணைத்து விட்டுப் போடுங்கள்' என்பது உதவிப் பிரிவின் முதல் மருந்து. இங்கே அது பலிக்கவில்லை. ஒரு கணுவை மறுதொடக்கம் செய்தாலும், அண்டைக் கணுக்கள் அதே அறிக்கைகளை உடனே அதற்குத் திருப்பி அனுப்பின. குறிப்பிட்ட அந்தக் கணுவின் அறிக்கைகளை மட்டும் புறக்கணிக்கும்படி கணுக்களின் மென்பொருளில் திருத்தம் செய்த பிறகே பிணையம் மீண்டது.

பிங்: ஒரு மாலையில் எழுதிய நிரல்

1981 செப்டம்பரில் வெளியான ஐசிஎம்பி நெறிமுறையில் 'எதிரொலி' என்ற வசதி இருந்தது. ஒரு கணினி அனுப்பும் எதிரொலிக் கோரிக்கைக்கு மறுகணினி அப்படியே பதில் தரும். அமெரிக்க இராணுவத்தின் எறிபொருள் ஆய்வகத்தில் பணியாற்றிய மைக் மூஸ், 1983 டிசம்பரில் தம் பிணையத்தின் விசித்திரமான போக்கைக் கண்டு, இந்த வசதியைப் பயன்படுத்தும் சிறு நிரல் ஒன்றை ஒரே மாலையில் எழுதினார். நீர்மூழ்கிகளைத் தேடும் சோனார் கருவியின் ஒலியை நினைத்து அதற்குப் 'பிங்' என்று பெயரிட்டார். நிரலை எழுதி முடித்தபோது, அதை எழுதத் தூண்டிய கோளாறு முன்பே சரியாகியிருந்தது. தேடும்போது பழுது மறைந்து விடும் என்பதற்கு இதுவே நல்ல சான்று.

விட்டு விட்டு வரும் பழுதுக்குப் பிங் ஏற்றதாக இருந்தது. கம்பி இணைப்பு சரியாக இல்லாத இடத்தைத் தேடிய ஒருவர், பதில் வரும் ஒவ்வொரு முறையும் கணினி 'பிங்' என்று உரக்கச் சொல்லும்படி செய்துவிட்டு, கட்டடம் முழுவதும் நடந்து ஒவ்வோர் இணைப்பாக அசைத்துப் பார்த்த கதையை மூஸ் பதிவு செய்துள்ளார். ஒலி எங்கே நின்றதோ அங்கே பழுது இருந்தது.

நெரிசலும் தடம் காட்டியும்

பிங் 'ஆம், இல்லை' என்பதைச் சொல்லும். 'ஏன் இவ்வளவு மெதுவாக?' என்பதற்கு அதனிடம் முழு விடை இல்லை. 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையிலான தரவு வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டாகச் சரிந்தது. இரண்டுக்கும் இடையிலான தொலைவு சுமார் 400 கெசம் மட்டுமே. வான் ஜேக்கப்சனும் மைக் கரல்ஸும் காரணத்தை ஆராய்ந்தனர். எந்தக் கருவியும் பழுதாகவில்லை. நெரிசலில் தொலைந்த பொதிகளைக் கணினிகள் உடனுக்குடன் மீண்டும் மீண்டும் அனுப்பியதால் நெரிசல் மேலும் பெருகியது. நெரிசல் தெரிந்தால் வேகத்தைத் தாமாகவே குறைத்துக்கொள்ளும் முறைகள் டிசிபி நெறிமுறையில் சேர்க்கப்பட்டன. இவ்வாய்வு 1988இல் வெளியானது.

ஜேக்கப்சன் எழுதிய மற்றொரு கருவி 'டிரேஸ்ரூட்'. ஒவ்வொரு பொதியிலும் அது எத்தனை திசைவிகளைக் கடக்கலாம் என்ற எண் ஒன்று உண்டு. எண் தீர்ந்ததும் அந்தத் திசைவி பொதியைக் கைவிட்டு அனுப்பியவருக்குத் தகவல் சொல்லும். இந்த எண்ணை 1, 2, 3 என்று கூட்டி அனுப்பினால், வழியிலுள்ள திசைவிகள் ஒவ்வொன்றாகத் தம்மை வெளிப்படுத்தும். பழுது நம்மிடமா, சேவை நிறுவனத்திடமா, அதற்கும் அப்பாலா என்ற வாக்குவாதத்துக்கு இக்கருவி ஓரளவு முடிவு கட்டியது.

உதவி மேசையின் தோற்றம்

தனிநபர் கணினிகள் அலுவலக மேசைகளுக்கு வந்தபின் உதவி மேசை என்ற தனிப் பிரிவு பரவியது. 1980களின் இறுதியில் பிரிட்டன் அரசின் கணினி முகமை உருவாக்கிய ஐடில் வழிகாட்டி நூல்கள் இப்பணிக்கு ஒழுங்கு வகுத்தன. பயனரின் வேலை தடைப்படும் 'நிகழ்வு' வேறு, அதற்கு மூலமான 'சிக்கல்' வேறு என்று அவை பிரித்தன. ஒரே அச்சுப்பொறிக்காக ஒரே வாரத்தில் பத்துப் புகார்களை மூடியவருக்கு இந்த வேறுபாடு நன்கு புரியும். நிகழ்வுகளை விரைவாக மூடினால் கணக்கில் நற்பெயர் கிடைக்கும். சிக்கலைத் தேட நேரம் கிடைப்பது அரிது.

எட்டாத இடத்துப் பழுதுகள்

2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்கு அருகே கடலடி வடங்கள் சேதமடைந்து, இந்தியாவிலும் மேற்காசிய நாடுகளிலும் இணையம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. சேதமடைந்தவற்றுள் ஒன்றான சீ-மீ-வீ 4 வடம் சென்னையிலும் கொழும்பிலும் கரையேறுவது. இத்தகைய நாளில் உதவிப் பணியாளர் தம் திசைவியை எத்தனை முறை சோதித்தாலும் அதில் குறை இராது. பழுதுபார்க்கும் கப்பல் வரும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

2021 அக்டோபர் 4 அன்று பேஸ்புக் நிறுவனத்தின் சேவைகள் ஏறக்குறைய ஆறு மணி நேரம் முடங்கின. பராமரிப்பின்போது இடப்பட்ட ஒரு கட்டளை அதன் முதுகெலும்புப் பிணையத்தைத் துண்டித்தது. பழுதுபார்க்கும் உட்கருவிகளும் அதே பிணையத்தை நம்பியிருந்ததால் பொறியாளர்கள் தரவு மையங்களுக்கு நேரில் செல்ல வேண்டியதாயிற்று.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் ஒரு புதுப்பிப்பு, மைக்ரோசாப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. மென்பொருள் 20 உள்ளீடுகளைத் தர, புதுப்பிப்பு 21ஆவது உள்ளீட்டைத் தேடியதே காரணம். பிழையான கோப்பு 78 நிமிடங்களில் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் முடங்கிய கணினிகள் பலவற்றுக்கு அந்தத் திருத்தம் போய்ச் சேர வழியில்லை. பணியாளர்கள் ஒவ்வொரு கணினியாகச் சென்று, பாதுகாப்பு முறையில் இயக்கி, அந்தக் கோப்பைக் கையால் அழித்தனர். வட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருந்த கணினிகளில் நீண்ட மீட்பு எண்ணையும் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது.

இன்றைய நிலை

கண்காணிப்பும் சரிசெய்தலும் இன்று பெரும்பாலும் தானியங்கி மென்பொருளிடம் உள்ளன. எனினும் பிங்கும் டிரேஸ்ரூட்டும் அநேகமாக எல்லா இயக்குதளங்களிலும் ஏதோ ஒரு வடிவில் இடம்பெற்றுள்ளன. எல்லாம் நன்றாக ஓடும் நாளில் உதவிப் பிரிவின் வேலை யார் கண்ணிலும் படுவதில்லை. ஓடாத நாளில் முதல் அழைப்பு அவர்களுக்கே வருகிறது; 1969இல் நடந்தது போலவே, மறுமுனையில் இருப்பவரிடம் 'இப்போது திரையில் என்ன தெரிகிறது?' என்று கேட்டே அவர்கள் தேடலைத் தொடங்குகிறார்கள்.