தண்டுவட ஊசித் தலைவலி

தண்டுவட ஊசித் தலைவலி என்பது, மகப்பேற்றின்போது வலி தெரியாமலிருக்க முதுகில் ஊசி போடப்பட்ட தாய்மாரில் சிலருக்கு அதன்பின் ஏற்படும் தலைவலி ஆகும். எழுந்து உட்கார்ந்தால் கடுமையாவதும் படுத்தால் தணிவதும் இதன் முதன்மையான அடையாளங்கள். பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் தானாக நீங்கிவிடும். எனினும், உட்கார்ந்து குழந்தைக்குப் பாலூட்ட முடியாத அளவுக்குக் கடுமையாகவும் இருக்கக்கூடும்.

காரணம்

மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்துள்ள நீரை டியூரா என்னும் உறை தாங்கி நிற்கிறது. ஊசித்துளை வழியே இந்நீர் கசிந்தால் அழுத்தம் குறைகிறது. நிமிரும்போது மூளை சற்றுக் கீழிறங்கி, வலியுணரும் உறைகள் இழுபடுகின்றன. மூளையின் குருதிக் குழாய்களும் விரிவடைகின்றன.

ஸ்பைனல் முறையில் டியூரா மெல்லிய ஊசியால் துளைக்கப்படுகிறது. பென்சில் முனை போன்ற ஊசிகள் தலைவலியைக் குறைக்கின்றன. எபிடியூரல் முறையில் மருந்து டியூராவுக்கு வெளியே செலுத்தப்படுகிறது. இதற்கான ஊசி தடித்தது. அது தவறுதலாக டியூராவைத் துளைத்துவிட்டால் பாதிக்கும் மேற்பட்டோருக்குத் தலைவலி வருகிறது.

வரலாறு

செருமானிய அறுவை மருத்துவர் ஆகஸ்ட் பியர் 1898 இல் கீல் நகரில் ஸ்பைனல் முறையைத் தம் மீதே சோதிக்க முயன்றார். அதைத் தொடர்ந்து பல நாட்கள் தலைவலியால் அவதியுற்ற அவர், படுத்தால் அது நீங்குவதையும் பதிவு செய்தார்.

சிகிச்சை

தொடக்கத்தில் பாராசிட்டமால் போன்ற வலிநீக்கிகளும் போதிய நீராகாரமும் தரப்படுகின்றன. காஃபீன் சிலருக்குத் தற்காலிகமாக உதவும். படுத்திருப்பது வலியைத் தணிக்குமேயன்றித் தலைவலி வராமல் தடுக்காது.

வலி நீடித்தால் எபிடியூரல் குருதி ஒட்டு செய்யப்படுகிறது. ஊசி போடும்போது குருதி கசிந்தவர்களுக்குத் தலைவலி குறைவாக இருப்பதைக் கவனித்த அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் கோர்ம்லி, 1960 இல் 2 மில்லிலீட்டர் குருதியைக் கொண்டு இம்முறையை அறிமுகப்படுத்தினார். தற்போது தாயின் கையிலிருந்து எடுக்கப்படும் ஏறத்தாழ 20 மில்லிலீட்டர் குருதி, துளைக்கு அருகே எபிடியூரல் இடைவெளியில் செலுத்தப்படுகிறது. குருதி அழுத்தத்தை உயர்த்துவதுடன் உறைந்து துளையையும் அடைக்கிறது. பலருக்கு விரைவில் நிவாரணம் கிடைக்கிறது. சிலருக்கு மீண்டும் செய்ய வேண்டியிருக்கும். முதுகுவலி இதன் பொதுவான பக்கவிளைவு. காய்ச்சல், நோய்த்தொற்று, குருதி உறைதல் கோளாறு ஆகியவை உள்ளவர்களுக்கு இது செய்யப்படுவதில்லை.

பிற காரணங்கள்

மகப்பேற்றுக்குப் பின் வரும் எல்லாத் தலைவலியும் ஊசியால் வருவதன்று. படுத்தும் தணியாத வலி, வலிப்பு, காய்ச்சல், பார்வை மங்கல், கைகால் தளர்ச்சி ஆகியவை இருந்தால் உடனடி மருத்துவப் பரிசோதனை தேவை. பேறுகால உயர் இரத்த அழுத்தம், மூளைச் சிரைகளில் குருதி உறைதல், மூளையுறை அழற்சி ஆகியவை உயிருக்கு ஆபத்தானவை. ஊசித் தலைவலியே சிகிச்சையின்றி நீடித்தாலும், அரிதாக மூளையைச் சுற்றிக் குருதிக்கசிவு ஏற்படலாம்.