பகிரும் உரிமை: தொலைபேசி வலையமைப்பும் பாவனையாளரும்

ஒரு தொழில்நுட்பத்தின் வரலாறு பெரும்பாலும் அதனைக் கண்டுபிடித்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அதனை உடைமையாகக் கொண்டிருந்தோருக்கும் பயன்படுத்தியோருக்கும் இடையே நிகழ்ந்த பிணக்குகள் அவ்வரலாற்றிற் போதிய இடம் பெறுவதில்லை. கையடக்கத் தொலைபேசியின் இணையத் தொடர்பை மடிக்கணினி முதலிய பிற கருவிகளுடன் பகிர்ந்துகொள்வது இன்று மிகச் சாதாரணமான செயலாகும். எனினும், ஐக்கிய அமெரிக்காவில் இவ்வசதி பொதுவழக்காக மாறிய வரலாற்றை நோக்குமிடத்து, அது பொறியியலாளரின் கொடை மட்டுமன்று, நீண்டகால உரிமைப் பிணக்கொன்றின் விளைவுமாகும் என்பது புலனாகும். அதனைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பிணக்கின் வேர்களைக் கம்பித் தொலைபேசிக் காலத்திலேயே காணலாம். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அந்நாட்டின் தொலைபேசிச் சேவை ஏ.ரி. அன்ட் ரி. கம்பனியின் ஆதிக்கத்தில் இருந்தது. தான் வழங்காத எந்தவொரு கருவியையும் தொலைபேசியுடன் இணைத்தலாகாது என்பது அக்கம்பனியின் சேவை விதியாகும். பேசுவோரின் குரல் அருகிலிருப்போருக்குக் கேளாதவாறு தொலைபேசியின் வாய்ப்பகுதியிற் பொருத்தப்படும் ‘ஹஷ்-ஏ-போன்’ என்னும் கிண்ணம் போன்ற சிறு சாதனம்கூட இவ்விதியின்கீழ் எதிர்க்கப்பட்டது. அதற்கு மின்னிணைப்பு எதுவும் இருக்கவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. 1955இல் சமஷ்டித் தொடர்பாடல் ஆணைக்குழு கம்பனியின் பக்கமே நின்றது. ஆயின், 1956இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அம்முடிவை நிராகரித்தது. பொதுமக்களுக்குத் தீங்கு விளையாதவிடத்து, தனக்கு நன்மை தரும் வகையிலே தொலைபேசியைப் பயன்படுத்தும் உரிமை சந்தாதாரருக்கு உண்டு என்பதே அத்தீர்ப்பின் சாரமாகும்.

இக்கோட்பாட்டை மேலும் விரிவாக்கியது 1968ஆம் ஆண்டின் ‘காட்டர்போன்’ தீர்மானமாகும். ரெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த தோமஸ் காட்டர், எண்ணெய் வயல்கள் போன்ற தொலைவிடங்களில் வானொலிக் கருவியுடன் பணிபுரிவோரைத் தொலைபேசி வலையமைப்புடன் தொடர்புறுத்தும் சாதனமொன்றை விற்பனை செய்தார். இதனைத் தடுத்த கம்பனியின் விதி நியாயமற்றதும் சட்டத்துக்கு முரணானதுமாகும் என ஆணைக்குழு தீர்மானித்தது. பிறர் தயாரித்த மோடம், தொலைநகற் பொறி ஆகியவை பிற்காலத்திற் பெருகுவதற்கு இதுவே வழிகோலியது எனலாம். ஒருவகையில், காட்டரின் சாதனமும் இன்றைய பகிர்வும் ஒரே பணியையே புரிகின்றன. ஒரு தொடர்பின் நுனியில் இன்னொரு தொடர்பைக் கட்டுவதே அப்பணியாகும்.

பகிர்வுக்கான தொழில்நுட்ப அடிப்படைகள் வெவ்வேறு தேவைகளின் பொருட்டுத் தோன்றியவை. இணைய முகவரிகள் 32 இருமக் கூறுகளால் அமைந்தமையின் அவற்றின் மொத்தம் ஏறக்குறைய 429 கோடியாக மட்டுப்பட்டிருந்தது. இம்முகவரிப் பற்றாக்குறையைச் சமாளிக்க, ஒரே முகவரியின் பின்னாற் பல கருவிகள் இயங்கும் முகவரி மாற்றுமுறை 1994இல் முன்மொழியப்பட்டது. கம்பியற்ற உள்ளகத் தொடர்புக்கான 802.11 நியமம் 1997இல் வெளிவந்தது. இவ்விரண்டும் தொலைபேசி என்னும் ஒரே கருவியில் ஒன்றுசேர்ந்தபோது, எஞ்சியது மென்பொருள் மட்டுமே. வலையமைப்புக்கு ஒரு முகவரியே தெரியும். ஆயினும், ஒவ்வொரு தரவுப் பொதியும் தொலைபேசியைக் கடக்கும்போது அதன் ஆயுள் எண் ஒன்றினாற் குறைவதால், பகிர்வு நடைபெறுவதைக் கம்பனிகள் ஊகிக்கவும் முடிந்தது.

ஊகிக்க முடிந்ததைக் கட்டணமாக்க முயல்வது வணிகத்தின் இயல்பு. 2009இல் ஐபோனின் மூன்றாம் மென்பொருட் பதிப்பு பகிர்வு வசதியை உள்ளடக்கியிருந்தும், ஏ.ரி. அன்ட் ரி. அதனை உடனே வழங்கவில்லை. 2010 யூனில் வழங்கியபோது, 2 கிகாபைற் தரவுக்கான 25 டொலருக்கு மேலாகப் பகிர்வுக்கென மாதம் 20 டொலர் அறவிட்டது. இதற்கென மேலதிகத் தரவு எதுவும் கொடுக்கப்படவில்லை என்பது இங்கு அவதானிக்கத்தக்கது.

கம்பனிகளின் வாதத்தை முற்றாகப் புறக்கணித்தல் வரலாற்று நேர்மையாகாது. வானலை வரையறுக்கப்பட்ட வளம். ஒரு பிரதேசத்திலுள்ளோர் யாவரும் அதனைப் பங்கிட்டுக்கொள்கின்றனர். மடிக்கணினி தொலைபேசியிலும் கூடுதலாகத் தரவை நுகரக்கூடியது. எனவே, எல்லையற்ற பாவனைக்கு ஒரே கட்டணம் அறவிடப்படும் முறையில் இவ்வாதத்துக்கு ஓரளவு வலுவுண்டு. அளந்து விற்கப்படும் முறையிலோ இவ்வாதம் நிலைக்காது. வாங்கிய 2 கிகாபைற்றை எந்தத் திரையிற் செலவிட்டாலும் அதன் அளவு மாறுவதில்லை.

இவ்வேறுபாடு 2012இல் உத்தியோகபூர்வமான ஏற்பைப் பெற்றது. 2008இல் 700 மெகாகேட்ஸ் வானலையின் ஒரு தொகுதி ஏலத்தில் விடப்பட்டபோது, பாவனையாளர் விரும்பும் கருவிகளையும் செயலிகளையும் தடுத்தலாகாது என்னும் நிபந்தனை அதனுடன் இணைக்கப்பட்டிருந்தது. அதனைப் பெற்றது வெறைசன் கம்பனியாகும். பகிர்வுக்கு உதவும் செயலிகள் மறிக்கப்படுவதாக ‘பிறீ பிறெஸ்’ என்னும் பொதுநல அமைப்பு 2011இல் முறையிட்டது. விசாரணையின் முடிவில், 2012 யூலையில் அக்கம்பனி 1.25 மில்லியன் டொலரை அரச திறைசேரிக்குச் செலுத்தவும், அளவுக்கட்டண முறையிலுள்ளோர் மேலதிகக் கட்டணமின்றிப் பகிர்வதை அனுமதிக்கவும் இணங்கியது. எல்லையற்ற திட்டத்தினருக்கு இவ்விணக்கம் பொருந்தவில்லை.

இந்நிபந்தனை அத்தொகுதிக்கு மட்டுமே உரியது. எனினும், அதே ஆண்டில் இரு பெருங் கம்பனிகளும் அறிமுகப்படுத்திய கூட்டுத் தரவுத் திட்டங்களிற் பகிர்வு உள்ளடக்கப்பட்டது. ஆகவே, மாற்றம் முழுவதையும் சட்டத்தின் சாதனையாகக் கொள்வது பொருந்தாது. அளந்து விற்பதே கம்பனிகளுக்கு இலாபமாகியபோது, பகிர்வைத் தடுப்பதற்கான பொருளாதாரக் காரணமும் நலிவுற்றது.

எனினும், ஓர் உண்மையை வரலாறு தெளிவாக்குகின்றது. 1956இலும் 1968இலும் 2012இலும் எழுந்த வினா ஒன்றே: வலையமைப்பின் உடைமை எங்கே முடிகிறது, பாவனையாளரின் உரிமை எங்கே தொடங்குகிறது? வானலை பொதுச்சொத்து. அதனை வழங்கும்போது விதிக்கப்படும் நிபந்தனைகளே பிற்காலத்தில் மக்களின் உரிமைகளாகின்றன. தனியான இணைய இணைப்பைப் பெறும் வசதியற்றுத் தொலைபேசி ஒன்றையே நம்பியிருக்கும் குடும்பத்துக்கு, அந்நிபந்தனைகள் வெறும் சட்ட நுணுக்கங்களல்ல. கல்விக்கும் அறிவுக்குமான வாயிலாகும். அவ்வாயிலின் திறவுகோல் யாரிடம் இருத்தல் வேண்டும் என்பதை ஏலத்துக்கு முன்னரே தீர்மானிப்பது சமூகத்தின் கடமையாகும்.