மைசூரு மேலே வளருது. தண்ணீரும் கூடவே ஏறுமா?

பெங்களூருவில் வேலை பார்க்கிறீர்களா? அப்படின்னா, "இங்க ஒரு டபுள் பெட்ரூம் வாங்குற காசுல மைசூர்ல பெருசாவே வாங்கலாம்" என்று ஆபீஸில் யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அந்தப் பேச்சில் விலை வரும், தூரம் வரும். தண்ணீர் மட்டும் பெரும்பாலும் வராது. புக்கிங் தொகை கட்டும் முன் அதையும் பார்த்துவிடுவோம்.

ஏன் இப்போது மைசூரு?

முதல் காரணம், தூரம் சுருங்கியது. 2022 நவம்பர் 11-ல் சென்னை–பெங்களூரு–மைசூரு வந்தே பாரத் ரயில் ஓடத் தொடங்கியது. தென்னிந்தியாவின் முதல் வந்தே பாரத் அதுதான். 2023 மார்ச் 12-ல் 118 கி.மீ. பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலை திறக்கப்பட்டது. செலவு சுமார் 8,480 கோடி ரூபாய். 3 மணி நேரப் பயணம் 75 நிமிடமாகக் குறையும் என்றார்கள்.

இரண்டாவது காரணம், ஊரின் பெயர். தேசியத் தூய்மைத் தரவரிசையில் 2015, 2016 என இரண்டு முறை மைசூரு முதலிடம் பிடித்தது. இன்ஃபோசிஸ் பயிற்சி வளாகத்தில் வேலையைத் தொடங்கிய பலருக்கு இது ஏற்கெனவே பழகிய ஊரும்கூட.

இந்த ஊர் இதுவரை எப்படி வளர்ந்தது?

பக்கவாட்டில். 1890-களின் கடைசியில் பிளேக் நோய் பரவியது. நெருக்கடியான பழைய பகுதிகளை விட்டு வெளியே புதுக் குடியிருப்புகள் தேவைப்பட்டன. 1903-ல் மைசூரில் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைந்தது. நாட்டிலேயே இப்படிப்பட்ட ஆரம்பகால அமைப்புகளில் இதுவும் ஒன்று. முதலில் சாலை, வடிகால், பூங்கா. அப்புறம் சைட் பிரித்து வீடு என்பதுதான் அதன் வேலைமுறை. இன்று நாம் ரசிக்கும் அகலமான தெருக்கள் பலவற்றுக்கும் அந்த வரிசைதான் காரணம்.

2001-ல் சுற்றுப்பகுதியும் சேர்ந்து சுமார் 8 லட்சம் பேர் இருந்தார்கள். 2011-ல் அது 10 லட்சத்துக்குச் சற்றே குறைவு. அதற்குப் பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்காமலேயே 10 ஆண்டுகளுக்கு மேல் போய்விட்டது. ரிங் ரோட்டைத் தாண்டி லேஅவுட் மேல் லேஅவுட் வந்த காலம் அது.

'ஹை-ரைஸ்'னா எத்தனை மாடி?

தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-ன்படி, 15 மீட்டரும் அதற்கு மேலும் போனால் உயரமான கட்டடம். தோராயமாக ஐந்து மாடி. தமிழ்நாட்டின் 2019 விதிகளில் இந்தக் கோடு 18.30 மீட்டர். கோட்டைத் தாண்டினால் தீத்தடுப்பு விதிகள் இறுகும். மண்டகள்ளி விமான நிலையத்தைச் சுற்றியுள்ள பகுதியில் உயரத்துக்கு விமான நிலைய ஆணையத்தின் ஒப்புதலும் வேண்டும்.

மைசூருவின் வானத்தில் ரொம்ப காலம் தனியாகத் தெரிந்தவை புனித ஃபிலோமினா தேவாலயத்தின் 175 அடி இரட்டைக் கோபுரங்களும், 145 அடி அரண்மனைக் கோபுரமும், பின்னால் சாமுண்டி மலையும்தான். மாடிக்கு 10 அடி என்று வைத்தால், 17, 18 மாடி வந்தாலே தேவாலயத்தை எட்டிவிடும். பாரம்பரியம் பேசுபவர்களின் கவலை இதுதான். ஆனால் அங்கே குடியிருக்கப்போகும் உங்களுக்கு இன்னொரு கவலை இருக்கிறது.

ஒரு ஏக்கர் கணக்கு

மனையைப் போல எத்தனை மடங்கு பரப்புக்குக் கட்டலாம் என்பதைச் சொல்வது எஃப்.ஏ.ஆர். (தமிழ்நாட்டில் எஃப்.எஸ்.ஐ.). ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம்.

ஒரு ஏக்கரில் சாலை, பூங்கா போக ஏறக்குறைய 20 முப்பதுக்கு-நாற்பது சைட் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். சைட்டுக்கு ஒரு வீடு, வீட்டுக்கு 4 பேர் என்றால் 80 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசின் குடிநீர்க் கையேடு சொல்லும் அளவு. ஆக 10,800 லிட்டர்.

அதே ஏக்கரில் எஃப்.ஏ.ஆர். 2.5 என்றால் 1,08,900 சதுர அடி கட்டலாம். 1,200 சதுர அடிக்கு ஒன்று என 90 ஃப்ளாட், 360 பேர், 48,600 லிட்டர். 6,000 லிட்டர் டேங்கரில் அடித்தால் தினமும் 8 லோடு! அதில் 80 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட 39,000 லிட்டர், கழிவுநீராக வெளியே வரும்.

அப்போ மாடி கட்டுறதே தப்பா?

இல்லை. அந்த 90 குடும்பமும் தனி வீடு கட்டினால் நாலரை ஏக்கர் வேண்டும். விளைநிலமும் ஏரிக்கரையும் போகும்; குழாயும் பஸ் ரூட்டும் இன்னும் நீளும். நெருக்கமாக வாழ்வது மலிவு, வசதியும்கூட. சிக்கல் வரிசையில்தான் வருகிறது. 1903-ல் குழாயும் சாலையும் முன்னே போயின, வீடு பின்னே வந்தது. இப்போது பல இடங்களில் கட்டடம் முதலில் எழுகிறது, குழாய் அதைத் துரத்துகிறது. 2024 கோடையில் பெங்களூருவின் அடுக்குமாடிகள் டேங்கருக்குக் காத்துக்கிடந்தது ஞாபகம் இருக்கும்.

தண்ணீர் எங்கிருந்து வரும்?

காவிரியிலிருந்தும் கபினியிலிருந்தும். கண்ணம்பாடி (கே.ஆர்.எஸ்.) அணை பக்கத்தில்தான். அதன் நீர்த்தேக்கத்திலிருந்து எடுக்கும் ஹளே உண்டுவாடி திட்டம் புறநகரின் பெரிய நம்பிக்கை.

ஆனால் காவிரியில் புதிதாகப் பிறக்கும் தண்ணீர் எதுவும் கிடையாது. 2018 பிப்ரவரி 16 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்குத் திறக்க வேண்டிய அளவை 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 ஆகக் குறைத்தது. கர்நாடகத்துக்குக் கூடுதலாகக் கிடைத்த 14.75-ல் 4.75 டி.எம்.சி. பெங்களூருவின் குடிநீர்த் தேவைக்கு. ஒரு நகரத்தின் தாகம் டெல்டாவின் கணக்கில் எப்படி ஏறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டாம். போதாததற்கு, மைசூரு காவிரிக்கும் கபினிக்கும் நடுவே இருக்கும் மேடு. இங்கே சுத்திகரிக்காமல் விடும் கழிவுநீர் எந்தப் பக்கம் ஓடினாலும் கடைசியில் மேட்டூர் பக்கம்தான் வரும்.

யார் பொறுப்பு?

இதற்கு ஒரே பதில் கிடையாது. லேஅவுட் அனுமதி மேம்பாட்டு ஆணையத்திடம் (பழைய 'முடா'). நகருக்குள் மாநகராட்சி. வெளியே ஹூட்டகள்ளி நகரசபை, போகாதி, ஸ்ரீராம்புரா, ரம்மனஹள்ளி, கடகோலா பட்டணப் பஞ்சாயத்துகள். இவற்றை ஒன்றாக்கும் 'கிரேட்டர் மைசூரு' பேச்சுக்குக் காரணமே இந்தச் சிதறல்தான். மாநகராட்சியின் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் பதவிக்காலமோ 2023 நவம்பரில் முடிந்தது.

கையெழுத்துக்கு முன் ஐந்து கேள்விகள்

1. ரெரா எண் என்ன? கர்நாடக ரெரா தளத்தில் அனுமதி வரைபடத்தை நீங்களே திறந்து மாடிகளை எண்ணுங்கள். வாங்குவோரின் பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். கட்டமைப்புக் குறைக்கு 5 ஆண்டு வரை பில்டர்தான் பொறுப்பு.

2. தண்ணீர் இணைப்பு எந்த அமைப்பிடமிருந்து? "வந்துரும் சார்" என்பது பதில் ஆகாது. எழுத்தில் கேளுங்கள். போர்வெல் மட்டும் என்றால் விலையைத் திரும்ப யோசியுங்கள்.

3. கழிவுநீர் எங்கே போகிறது? வளாகத்திலேயே சுத்திகரிப்பு நிலையம் என்றால், அதை ஓட்டும் செலவு மாதப் பராமரிப்பில் எவ்வளவு?

4. ஓ.சி. வாங்கித்தான் சாவி தருவார்களா? குடியேற்றச் சான்று இல்லாத கட்டடத்துக்கு மின்சாரமோ குடிநீரோ தரக் கூடாது என்று 2024 டிசம்பர் 17-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

5. இ-காத்தா இருக்கிறதா? எந்த உள்ளாட்சி கொடுத்தது?

ஐந்துக்கும் காகிதம் கையில் வந்தால், பத்தாவது மாடியிலிருந்து சாமுண்டி மலையை நிம்மதியாகப் பார்க்கலாம். வரவில்லை என்றால், பெங்களூருவில் டேங்கர்காரரின் நம்பரை போனில் வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு முடிவெடுங்கள்.