கற்களுக்குள் மறைந்திருக்கும் மனிதர்கள்

பழைய கட்டடம் ஒன்றின் முன் நிற்கும்போது, "இதைக் கட்டியது யார்?" என்றுதான் முதலில் கேட்கிறோம். அரசர் பெயரோ, பாளையக்காரர் பெயரோ, குருவானவர் பெயரோ பதிலாகக் கிடைக்கும். மண் சுமந்தவர் யார், காவல் நின்றவர் யார், உள்ளே வர அனுமதி மறுக்கப்பட்டவர் யார் என்ற கேள்விகளைக் கேட்பது குறைவு. ராயகிரியைச் சுற்றியுள்ள பழைய இடங்கள் சிலவற்றை இந்தக் கேள்விகளோடு இன்று பார்ப்போம்.

சங்கரன்கோவில்: புற்றைக் கண்டவர்

சங்கன், பத்மன் என்ற இரு நாக அரசர்கள், சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று வாதிட்டார்களாம். அந்த வாதத்தைத் தீர்க்கவே இருவரும் ஓருருவாய்ச் சங்கரநாராயணராகக் காட்சி தந்தனர் என்பது கோவில் வரலாறு. ஆடித்தபசுத் திருவிழா இதை நினைவுகூர்கிறது. புற்றுமண் பெறச் செல்லும் மக்கள் எல்லோரும் இந்தக் கதையை அறிவர்.

அதே தலவரலாற்றில் வரும் இன்னொரு மனிதரை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். தோட்டக் காவல் செய்த காவற்பறையன், புற்றை வெட்டியபோது பாம்பின் வால் அறுபட்டு, அங்கே லிங்கம் இருப்பதைக் கண்டார். அவர் ஓடிச்சென்று சொன்ன பிறகே உக்கிரபாண்டியன் வந்து கோவில் எழுப்பினான் என்கிறது கதை. முதலில் கண்டவர் அந்தக் காவற்காரர். ஆனால் ஒடுக்கப்பட்ட மக்கள் சென்னை மாகாணக் கோவில்களுக்குள் தடையின்றிச் செல்ல 1939-இலும் 1947-இலும் சட்டங்கள் தேவைப்பட்டன. கதையில் கிடைத்த இடம் வாசலில் கிடைக்கவில்லை.

நெற்கட்டும்செவல்: மறைந்த மன்னர்

ஆர்க்காட்டு நவாபுக்கும் ஆங்கிலேயருக்கும் கப்பம் கட்ட மறுத்த பூலித்தேவரின் ஊர் இது. "நெல் கட்டும் செவல்" என்றிருந்த பெயர், அவர் மறுத்தபின் "நெல் கட்டான் செவல்" ஆனது என்று மக்கள் பெருமையோடு சொல்வார்கள். 1755-இல் கர்னல் ஹெரான் படையோடு வந்தார். பெரிய பீரங்கிகளும் போதிய உணவும் இல்லாமல் திரும்பிப்போனார். 1760-இல் யூசுப்கான் வாசுதேவநல்லூர்க் கோட்டையைத் தாக்கித் தோற்றார். அடுத்த ஆண்டு, 1761-இல், இந்தக் கோட்டைகள் அவரிடம் வீழ்ந்தன. அதே யூசுப்கானை 1764-இல் நவாபும் ஆங்கிலேயரும் மதுரையில் தூக்கிலிட்டனர் என்பதும் எண்ணிப்பார்க்கத்தக்கது.

பூலித்தேவர் என்ன ஆனார்? கைது செய்யப்பட்டுக் கொண்டுசெல்லப்பட்ட வழியில், சங்கரன்கோவிலில் வழிபட அனுமதி கேட்டார் என்றும், உள்ளே சென்றதும் விலங்குகள் அறுந்து, ஒளியில் மறைந்தார் என்றும் மக்கள் சொல்கிறார்கள். கோவிலுக்குள் அவர் பெயரால் ஓர் அறையே உண்டு. அவருடைய இறுதி நாள்களைப் பற்றி உறுதியான எழுத்துச் சான்று இல்லை. ஏடு மௌனமான இடத்தில் மக்களின் அன்பு பேசியிருக்கிறது. இதைப் பொய் என்று தள்ளவும் வேண்டாம், நடந்த செய்தி என்று வாதாடவும் வேண்டாம். தோற்ற தலைவனைத் தோற்றவனாக விட மக்களுக்கு மனம் வரவில்லை என்பதே இக்கதை தரும் வரலாற்றுச் செய்தி.

வாசுதேவநல்லூர்: மண் சுவரும் மனித உடலும்

இந்தக் கோட்டை மண்ணால் ஆனது. 1767-இல் கர்னல் டொனால்டு காம்பெல் இதைத் தாக்கியபோது, குண்டுகள் விழ விழ, உள்ளே இருந்தவர்கள் பனைமரத் துண்டுகளையும் வைக்கோலையும் வைத்து உடைப்பை அடைத்துக்கொண்டே இருந்தனர். அடைத்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக மாண்டனர். எதிரியாக வந்த அவரே அந்த உறுதியைக் கண்டு வியந்து எழுதினார். ஆனால் அப்படி மாண்டவர்களின் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை.

வாய்மொழிக் கதைகள் இருவரையாவது காப்பாற்றித் தந்தன. அருந்ததியர் சமூகத்து ஒண்டிவீரன், எதிரியின் முகாமுக்குள் தனியாக நுழைந்து வைக்கோலில் மறைந்திருந்தபோது, குதிரை கட்டும் முளை அவர் கையின் மேல் அறையப்பட்டதாம். சத்தம் போடாமல், தன் கையையே வெட்டிக்கொண்டு காரியத்தை முடித்துத் திரும்பினார் என்பர். தேவேந்திரகுலத்து வெண்ணிக்காலாடி, போரில் வயிறு கிழிபட்டும், தலைப்பாகைத் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு வந்து, பூலித்தேவரின் மடியில் உயிர்விட்டார் என்பர். நீண்ட காலம் பாட்டிலும் பேச்சிலும் மட்டுமே இவர்கள் வாழ்ந்தார்கள். ஒண்டிவீரனுக்குப் பாளையங்கோட்டையில் மணிமண்டபம் எழுந்தது. 2022-இல் அஞ்சல் தலையும் வெளியிடப்பட்டது.

ஒன்றைக் கவனியுங்கள். தேவரும் அருந்ததியரும் தேவேந்திரரும் ஒரே கோட்டைக்குள் நின்றார்கள் என்று சொல்கிற கதைகள் இவை. அந்த வீரர்களின் படங்களைத் தனித்தனியே ஏந்தி, ஒருவர் மற்றவரைப் பகையாகப் பார்க்க இன்று நாம் பயன்படுத்தினால், கதையையே தலைகீழாக்குகிறோம்.

வடக்கன்குளம்: நம் வீட்டுச் சுவர்

பிறர் கட்டடங்களைப் பற்றி மட்டும் பேசினால் அது நேர்மையாகாது. நெல்லைச் சீமையின் தென்கோடியில் உள்ள வடக்கன்குளத்தில்தான் 1745-இல் நீலகண்டபிள்ளை திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சாதி பாராமல் எல்லோரோடும் பழகிய அவர் 1752-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் புனிதர் பட்டம் பெற்றார்.

அதே ஊரில் 1872-இல் அருள்பொழிவு செய்யப்பட்ட திருக்குடும்ப ஆலயம் எப்படி அமைந்தது தெரியுமா? பீடத்திலிருந்து இரண்டு கால்கள் போலப் பிரியும் இரு கூடங்கள், நடுவே சுவர். உயர்ந்த சாதி என்று சொல்லிக்கொண்டோர் ஒரு பக்கமும் மற்றவர்கள் மறுபக்கமும் அமர, பலி ஒன்றாக நடந்தது. கால்சட்டைக் கோவில் என்று அதற்குக் கேலிப் பெயரும் வந்தது. 1910-இல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. அதை எதிர்த்தவர்கள் நீதிமன்றம் வரை சென்றும், சுவர் மீண்டும் எழவில்லை.

இரத்தசாட்சியின் ஊரிலேயே நாம் அப்படி ஒரு சுவரை எழுப்பினோம் என்பதை மறைத்துவிட்டு வரலாறு சொல்ல நமக்கு உரிமையில்லை.

நாம் செய்யக்கூடியது

யோர்தானைக் கடந்தபின் பன்னிரண்டு கற்களை நாட்டச் செய்தார் யோசுவா. பிள்ளைகள் "இவை என்ன?" என்று கேட்கவேண்டும் என்பதே நோக்கம். கல் நாட்டியதோடு வேலை முடிவதில்லை, பிள்ளைகள் கேட்கும்போது பதில் சொல்லப் பெரியவர்கள் வேண்டும்.

நம் பங்குகளில் மறைக்கல்விப் பிள்ளைகள் விடுமுறை நாள்களில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு ஊர்ப் பெரியவர்களிடம் செல்லலாம். பக்கத்தை இரண்டாகப் பிரித்து, "சொல்லப்படுவது" என்று ஒரு பக்கமும், "எழுதப்பட்டிருப்பது" என்று மறுபக்கமும் குறிக்கட்டும். இரண்டையும் கலக்க வேண்டாம். இரண்டையும் தள்ளவும் வேண்டாம். பிறகு ஒவ்வொரு கட்டடத்திடமும் மூன்று கேள்விகள் கேட்கட்டும்: கட்டச் சொன்னவர் யார்? கட்டியவர் யார்? வெளியே நிறுத்தப்பட்டவர் யார்?

மூன்றாவது கேள்விக்கான பதிலை ஊர்ப் பெரியவர்களில் சிலர் இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்போம். வெளியே நிறுத்தப்பட்டவரின் பெயரையும் சேர்த்துச் சொல்லும்போதுதான் அந்தக் கட்டடத்தின் வரலாறு முழுமையாகும்.