அரக்கும் மெருகும்

ஒரு பொருளைச் செய்வது பாதி வேலை; அதற்கு மெருகிடுவது மறு பாதி. இவ்வுண்மையைக் கண்டிச் சீமையின் அரக்கு வேலை நன்கு விளக்குகின்றது. கண்டிக்கு அணித்தான ஹுரிக்கடுவவில் கைவினைஞர் மரத்தைக் கடைசற் பொறியிற் பூட்டிக் கடைந்து வழவழப்பாக்குவர். பின்னர்ச் சுழலும் மரத்தின்மீது வண்ண அரக்குக் கட்டியை அழுத்துவர். உராய்வின் வெம்மையே அரக்கை உருக்கிப் படரச் செய்யும். உலர்ந்த ஓலை அதனைச் சமன்செய்து ஒளியூட்டும். மாத்தளைப் பகுதியிலுள்ள பல்லே ஹப்புவிதவிலோ கருவி விரல் நகமே. சூட்டில் இளகிய அரக்கை நூலாக இழுத்து, பொருளின்மீது ஒட்டி, பெருவிரல் நகத்தாற் கிள்ளிக் கோலமிடுவர்.

அரசர் காலத்திற் கைவினைஞர் பலர் ஊழியத்திற்கு ஈடாக நிலம் பெற்று வாழ்ந்தனர். 1815-இல் கண்டியரசு வீழ்ந்தது. 1832-இல் இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டது. கட்டாய ஊழியம் நீங்கியது நன்றே. ஆயினும் அதனோடு ஆதரவும் நீங்கியது. நலிந்துவந்த இக்கலைகளைக் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி நேரில் ஆராய்ந்து, மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய தம் ஆங்கில நூலில் 1908-இல் பதிவு செய்தார். முறையை நூல் காக்கும். நகத்தின் பக்குவத்தையோ கைதான் கைக்குக் கற்பிக்க வேண்டும்.