வெள்ளைக் கேட்லியா: ஓர் ஆர்க்கிட் வேட்டையின் வரலாறு

கேட்லியா என்பது நடு அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் இயற்கையாக வளரும் ஓர் ஆர்க்கிட் பேரினம் ஆகும். மரக்கிளைகளையும் பாறைகளையும் பற்றி வளரும் தொற்றுத் தாவரம் இது. இதன் புகழ்பெற்ற பெரும்பூ இனங்கள் பொதுவாக இளஞ்சிவப்பு அல்லது ஊதா நிறத்தில் பூக்கும். மிக அரிதாக, அதே இனத்தில் ஏதோ ஒரு செடி மட்டும் தூய வெள்ளைப் பூப் பூக்கும். அந்த ஒரு செடிக்காக 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியச் செல்வர்கள் பெரும்பொருள் செலவிட்டனர். வெள்ளைப் பூ அவர்களுக்குக் கிடைத்தது. அதைத் தந்த காடுகள் பெற்றது இழப்பு மட்டுமே.

வெண்மை வருவது எப்படி?

கேட்லியாவின் ஊதா நிறத்துக்கு ஆந்தோசயனின் என்னும் நிறமி காரணம். மரபணுக் குறையால் இந்நிறமி உருவாகாத செடியில் பூ முழுவதும் வெண்மையாகிறது. இதற்கு ‘ஆல்பா’ வகை என்று பெயர். இலத்தீன் மொழியில் வெள்ளை என்பது இதன் பொருள். பூவின் தொண்டைப் பகுதியில் காணப்படும் மஞ்சள் வேறு நிறமியால் வருவது. ஆதலால் ஆல்பா பூவிலும் அது எஞ்சி நிற்கும். மற்ற இதழ்கள் வெண்மையாகவும் உதடு போன்ற நடு இதழ் மட்டும் ஊதாவாகவும் இருந்தால் அது ‘செமி ஆல்பா’ எனப்படும்.

மோகத்தின் தொடக்கம்

பிரேசிலில் பயணம் செய்த இயற்கையியலாளர் வில்லியம் ஸ்வைன்சன் அங்கிருந்து சில செடிகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அவற்றுள் ஒன்று 1818இல் வில்லியம் கேட்லி என்னும் வணிகரின் கண்ணாடி வீட்டில் பூத்தது. தாவரவியலாளர் ஜான் லிண்ட்லி அதற்குக் கேட்லியின் நினைவாகக் கேட்லியா லேபியேட்டா எனப் பெயரிட்டார். அச்செடியின் சொந்தக் காடு எதுவென்று ஐரோப்பியர் மீண்டும் உறுதியாக அறிய ஏறத்தாழ 70 ஆண்டுகள் ஆயின.

இடைப்பட்ட காலத்தில் வேறு இனங்கள் வந்து சேர்ந்தன. வெனிசுவேலாவின் கேட்லியா மோசியே 1830களில் இங்கிலாந்தை அடைந்தது. கொலம்பியாவின் இனம் ஒன்று அந்நாட்டுத் தாவரவியலாளர் ஹோசே ஹெரோனிமோ திரியானாவின் பெயரால் கேட்லியா திரியானே என அழைக்கப்பட்டது. மோசியேயின் வெள்ளை வகை வெனிசுவேலாவில் கண்டெடுக்கப்பட்டபோது, தனி இனமோ என்று எண்ணும் அளவுக்கு அது வியப்பை அளித்தது. அதைக் கண்டெடுத்த வாகெனரின் பெயரால் ‘வாகெனெரி’ என்றே அது இன்றும் அறியப்படுகிறது.

ஒன்றுக்காக எல்லாம்

கடையில் வாங்கும் பூவைப்போல வெள்ளைக் கேட்லியாவைப் பார்த்து எடுக்க இயலாது. செடி ஆண்டுக்குச் சில வாரங்களே பூக்கும். பூவில்லாத காலத்தில் ஊதாச் செடியும் வெள்ளைச் செடியும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். ஆல்பா செடியின் இளந்தளிரில் செந்நிறச் சாயல் இராது என்பதைத் தேர்ந்த கண் கண்டுகொள்ளலாம். ஆனால் உலரவைத்துப் பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றிய செடிகளில் அந்த அடையாளத்தைக் காண்பது கடினம்.

ஆகவே சேகரிப்பவர்கள் கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்தனர். இலண்டன் ஏலங்களில் பூக்காத செடிகளை மொத்தமாக வாங்கியவர், தம் கண்ணாடி வீட்டில் ஒன்றாவது வெள்ளையாகப் பூக்காதா என்று காத்திருந்தார். அது ஏறக்குறைய பரிசுச்சீட்டு வாங்குவதைப் போன்றது. பெரும்பாலான சீட்டுகள் ஊதாவாகவே விழுந்தன; பல செடிகள் வழியிலேயே மடிந்தன.

இந்த வணிகத்தின் அளவை ஆல்பர்ட் மில்லிகன் 1891இல் வெளியிட்ட பயண நூலால் உணரலாம். கொலம்பியாவில் ஏறத்தாழ இரண்டு மாதங்களில் 10,000 செடிகளைச் சேர்த்ததாகவும், அதற்காகச் சுமார் 4,000 மரங்கள் வெட்டப்பட்டதாகவும் அவரே எழுதுகிறார். அவர் அங்குக் குறிப்பிடும் செடி கேட்லியா அன்று. ஒடொன்டோகிளாசம் என்னும் மற்றோர் ஆர்க்கிட். ஆயினும் அக்காலச் சேகரிப்பு எத்தகையது என்பதற்கு அது நேர்ச் சான்று.

இரண்டு வெள்ளைக்கு ஊதாப் பிள்ளை

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வளர்ப்பவர்களைக் குழப்பிய செய்தி ஒன்று உண்டு. இரண்டு வெள்ளைக் கேட்லியாக்களைக் கலந்தால் சில வேளைகளில் எல்லாக் கன்றுகளும் ஊதாவாகப் பூத்தன. இங்கிலாந்தின் மரபியலாளர் சார்லஸ் ஹர்ஸ்ட் மெண்டலின் விதிகளைக் கொண்டு இதை விளக்கினார். நிறம் தோன்ற இரு காரணிகள் தேவை. இரண்டு சாவிகள் இருந்தால்தான் திறக்கும் பூட்டு என்று இதைக் கொள்ளலாம். ஒரு பெற்றோரிடம் முதல் சாவியும் மற்றவரிடம் இரண்டாம் சாவியும் இல்லையென்றால், கன்றுக்கு இரண்டும் கிடைத்து நிறம் திரும்பிவிடும். இருவரிடமும் ஒரே சாவி இல்லையெனில் கன்றுகள் வெள்ளையாகவே அமையும்.

இந்த அறிவோடு கலப்பினங்கள் வளர்ந்தன. கேஸ்கெலியானா, மோசியே ஆகிய இனங்களின் வெள்ளை வகைகளைக் கலந்து ‘சூசான் ஹை’ உருவானது. அதன் வழிவந்த ‘போ பெல்ஸ்’ 1945இல் பதிவு பெற்று, உலகெங்கும் புகழ்பெற்ற வெள்ளைக் கேட்லியாவாயிற்று.

அறிவியல் மேலும் இரு வழிகளைத் திறந்தது. ஆர்க்கிட் விதை இயற்கையில் முளைக்கப் பூஞ்சையின் துணை வேண்டும். அத்துணையின்றிச் சர்க்கரை சேர்த்த ஊடகத்தில் அதை முளைக்கவைக்கும் முறையை அமெரிக்காவின் லூயிஸ் நட்சன் 1922இல் வெளியிட்டார். பிரான்சின் ஜார்ஜ் மொரேல் 1960இல் ஆர்க்கிட்டின் குருத்து நுனியிலிருந்து புதுச் செடிகளைப் பெருக்கும் முறையை அறிவித்தார். அதன்பின் ஒரே வெள்ளைச் செடியிலிருந்து ஆயிரக்கணக்கில் நகல்கள் எடுக்க முடிந்தது. முன்பு செல்வரின் கண்ணாடி வீட்டில் இருந்த பூ, இன்று சாதாரண வீட்டு முற்றத்துக்கும் வந்துவிட்டது.

காட்டில் எஞ்சியது

மோசியே 1951 முதல் வெனிசுவேலாவின் தேசிய மலராக உள்ளது. திரியானே கொலம்பியாவின் தேசிய மலர். அந்நாட்டிலேயே அது அழிவாபத்துள்ள இனமாகவும் வகைப்படுத்தப்பட்டுள்ளது. 1975இல் நடைமுறைக்கு வந்த சைட்டீஸ் ஒப்பந்தம் ஆர்க்கிட் குடும்பம் முழுவதையும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. எனினும் காடழிப்பும் திருட்டுச் சேகரிப்பும் நின்றுவிடவில்லை.

மரபியல் இங்கு இன்னொரு பாடத்தையும் தருகிறது. வெண்மை ஒடுங்கு பண்பு. ஊதாவாகப் பூக்கும் செடிகள் சிலவற்றுள் அது வெளியே தெரியாமல் மறைந்திருக்கும். அத்தகைய இரு செடிகள் கூடினால், அவற்றின் கன்றுகளில் சராசரியாக நான்கில் ஒன்று வெள்ளையாகப் பூக்கலாம். காட்டில் வெள்ளைக் கேட்லியா தோன்றும் வழி பெரும்பாலும் இதுவே. ஆக, பயனற்றவை என்று சேகரிப்பாளர்கள் ஒதுக்கிய ஊதாச் செடிகளே அடுத்த வெள்ளைப் பூவின் தாயும் தந்தையும் ஆகும். ஆய்வகம் ஏற்கெனவே கிடைத்த வெள்ளையை எத்தனை முறை வேண்டுமானாலும் நகலெடுக்கும். புதியதொரு வெள்ளை காட்டில் பூக்க வேண்டுமெனில், அங்கே ஊதாக் கேட்லியாக்கள் பெருங்கூட்டமாக வாழ வேண்டும்.