யாழ்ப்பாணத்தின் கிணறும் கழிவுநீரும்

நதிக்கரையில் நாகரிகம் பிறந்தது என்பது வரலாற்று நூல்களின் முதற் பாடம். யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலி ஆகிய ஊர்களினூடே சென்று அராலியருகே கடனீரேரியை அடையும் வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடுவது. ஆயினும் மக்கள் இங்கே பன்னூறாண்டுகளாக நெருங்கி வாழ்ந்தனர். புகையிலையும் வெங்காயமும் விளைவித்தனர். இதற்குக் காரணம் காலடியிலுள்ள சுண்ணாம்புக்கற் பாறையே. மாரிமழை அதன் வெடிப்புகளிற் புகுந்து, ஆழத்திலுள்ள உவர்நீரின் மேல் மிதந்து நிற்கின்றது. அந்நன்னீரே கிணறுகளில் ஊறுகின்றது. ஆறில்லாத நாட்டிற்கு ஆறு, கிணறுதான்.

மழையை உள்ளே விடும் வெடிப்பு, அழுக்கையும் உள்ளே விடும். முன்னோர் காலத்தில் இதனால் பெருந்தீங்கு நேரவில்லை. கிணற்றடியில் குளித்த நீர் சிறு வாய்க்கால் வழியே வாழைக்கும் கமுகுக்கும் சென்றது. மண்ணும் வேரும் அதனை வடித்தன. நகரம் பெருகியபோது வாளி மலசலகூடங்கள் வந்தன. அவற்றைச் சுமக்கும் இழிதொழில் ஒரு பகுதி மக்களின் தலையில் ஏற்றப்பட்டது. பின்னர் நீரடைப்பு மலசலகூடமும் குழியும் பரவி, அக்கொடுமை நீங்க வழிவகுத்தன. ஆனால், சிறு வளவுகளில் குழியும் கிணறும் அண்டை வீட்டாராயின. குழியின் கழிவும் தோட்டத்தின் செயற்கை உரமும் ஒரே நீரிற் கலந்தன. 1980களில் நடந்த ஆய்வுகள், பல கிணறுகளில் நைத்திரேற்று அளவு மிகுந்திருப்பதைக் காட்டின. குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. மிகுந்தால், கைக்குழந்தையின் குருதி உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழக்கும்.

பெருநகரங்கள் இத்தகைய இடரை எவ்வாறு எதிர்கொண்டன? 1858ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் இலண்டன் நாடாளுமன்றத்தையே கலங்கச் செய்தது. பசல்கெற் என்னும் பொறியியலாளர் அமைத்த பெருங்கால்வாய்கள் அழுக்கை நகருக்குக் கீழே கொண்டு சென்றன. அழுக்கு இடம் மாறிற்றேயன்றித் தூய்மை அடையவில்லை. 1914இல் ஆர்டன், லொக்கற் என்னும் இருவர், காற்றூட்டிய சேற்றில் வளரும் நுண்ணுயிர்களே கழிவுநீரைத் தூய்மையாக்கும் என்பதை மான்செஸ்டரில் நிறுவினர். கழிவை அகற்றுவது வேறு, சுத்திகரிப்பது வேறு என்பதே இவ்வரலாறு தரும் பாடம்.

குடாநாட்டிலே கழிவைக் கொண்டுசெல்ல ஆறுமில்லை, சரிவுமில்லை; அருகிலிருப்பது மீனும் இறாலும் வளரும் ஆழமற்ற கடனீரேரி. ஆகவே, பிறக்கும் இடத்திற்கு அண்மையிலேயே கழிவுநீரைச் சுத்திகரிப்பது இந்நிலத்திற்கு ஏற்றது. அடித்தளம் இறுகக் கட்டிய தொட்டியில் திண்மம் படியும். எஞ்சிய நீர், நாணலும் சம்பும் நட்ட சரளைக்கற் படுக்கையில் மெல்ல ஊர்ந்து தெளியும். ஒரு சந்தைக்கோ மருத்துவமனைக்கோ குடியிருப்புக்கோ இது போதியது. ஆனால், காலந்தோறும் சேறு அகற்றப்படல் வேண்டும்; கவனிப்பாரற்ற தொட்டி வெறுங்குழியே.

அசட்டையின் விலையைச் சுன்னாகம் அறிந்தது. அங்கு மின்நிலையச் சூழலிலிருந்த கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில், 2019இல் உயர் நீதிமன்றம் தனியார் மின் நிறுவனமொன்று 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. பணம் கொடுக்கலாம், பாறை வெடிப்பிற் புகுந்த அழுக்கைத் திரும்ப எடுத்தல் எளிதன்று.

2024இல் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. குழாயில் வரும் நீரிற் பெரும்பகுதி கழிவுநீராகவே வெளியேறும். அதற்கும் ஒரு வழி வகுக்காவிடில், கடலிலிருந்து பெற்ற நன்னீரே கிணற்றின் கேடாக முடியும். நீர் வரும் வழியோடு, நீர் போகும் வழியையும் அமைக்கும் ஊரே தன் கிணற்றைப் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லும்.